பரமேஸ்வரி அக்காவின் மழைப் போத்தல்

போத்தலில் ஒரு விரல் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது.

அதற்கு முந்திய இரவு முழுக்க மழை. கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டுத் தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் அம்மா இரண்டு தரம் எழும்பி உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டார். காலையில் வான் வண்டியில் வத்தேகம தாண்டி பன்விலப் பக்கம் ஏறும்போது வீதியோரக் கானெல்லாம் செம்மண் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப் பெய்த மழை, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், பரமேஸ்வரி அக்காவின் வாசல் கம்பில் கட்டியிருந்த போத்தலுக்குள் மட்டும் பெய்யாமல் போயிருந்தது.

நான் போத்தலைக் கழற்றி அடியைத் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. வெடிப்பு இல்லை.

"என்னக்கா, தண்ணியே இல்ல?"

அக்கா தலையில் உரச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு காம்பராவுக்குள்ளிருந்து வந்தார். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில் இருந்து கொழுந்து பறிக்கப் போகிறவர். நாற்பது வயதிருக்கும். எதையும் ஒரு தரம் சொன்னால் போதும், மறக்கவே மாட்டார்.

"விடிஞ்சதும் ஊத்திட்டேனே மிஸ். தினமும் ஊத்துறதுதானே."

நான் தலையைத் திருப்பி லயத்துக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்தேன். மூட்டம் மூடிக் கிடந்தது. மலை தெரியவில்லை.

ஒரு வாசகி கேட்ட கேள்வி

இந்தத் தொடரில் மூன்று வாரமாக ஜெர்மனியைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறேன். குளிர், ரயில், நான் உப்பென்று நினைத்துச் சோற்றில் போட்ட சீனி, எல்லாம் எழுதியாயிற்று. போன வாரம் மாத்தளையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "மாணவர் பரிமாற்றத்தில் போனேன் என்கிறீர்கள். பரிமாற்றம் என்றால் அவர்களும் இங்கே வந்திருக்க வேண்டுமே. அந்தக் கதை எங்கே?"

கெட்டிக்காரி. நான் தாண்டிப் போன இடத்தில் சரியாகக் கையை வைத்துவிட்டார்.

தாண்டிப் போனது மறதியால் இல்லை. இன்றைக்கும் இரவு மழை பிடித்தால் நான் படுக்கையை விட்டு எழும்பி வீட்டுக் கதவைத் திறந்து சாத்திப் பார்க்கிறேன். கதவு ஒழுங்காகச் சாத்தினால்தான் தூக்கம். ஏன் கதவு என்பது போகப் போகத் தெரியும்.

அவர்கள் இங்கே, நாங்கள் அங்கே

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியிலிருந்து ஐந்து மாணவர்கள் வந்து மூன்று மாதம் எங்களோடு வேலை செய்வார்கள். அது முடிந்ததும் நாங்கள் ஐந்து பேர் அங்கே போவோம். எங்கள் குடும்பத்தில் அதுவரை கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனவர் ஒருவர்தான். மாமா. அவரும் யாரையோ ஏற்றிவிடப் போனவர்.

ஆகவே அந்த ஐந்து பேர் பட்டியலில் என் பெயர் வந்தது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி முடித்து, சொன்னவர்களுக்கே மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பிரிவில் மூன்று பேர். நான், கோபிதன், ஹன்னா. கோபிதன் யாழ்ப்பாணம். சாரலுக்கே கோட்டுப் போடுகிறவன், ஆனால் மலை ஏறச் சொன்னால் முதல் ஆளாக ஏறுவான். ஹன்னா ஜெர்மனியில் கடலோரத்துப் பெண். அவள் ஊரில் மலையே கிடையாதாம். வந்த முதல் வாரம் எந்த வளைவில் திரும்பினாலும் வானை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தாள். "இவ்வளவு செங்குத்தான இடத்தில் எப்படிப் பயப்படாமல் தூங்குகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டாள். பழகிவிடும் என்றேன்.

எங்கள் வேலை, மண்சரிவு வருமா என்று பார்க்க மழையை அளப்பது. கருவி வாங்கக் காசு இல்லாததால் ஹன்னா ஒரு வழி செய்தாள். பெரிய சோடாப் போத்தலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்து, வெளியே இரண்டு நாடா ஒட்டினாள். ஒன்று மஞ்சள், மேலே ஒன்று சிவப்பு. பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட வேண்டும். மறுநாள் ஐந்தரைக்குள் தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் கவனம். சிவப்பைத் தொட்டால் லயத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது, கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

லயத்து ஆட்களுக்கு அது பிடித்துப்போனது. போனுக்கு வரும் அரசாங்க எச்சரிக்கை பிரதேசம் முழுவதற்கும் பொதுவானது. அதை நம்பி முந்திய வருடம் மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தால், மலை அப்படியே நின்றது, கோழிகளைத்தான் காணவில்லை. போத்தல் அப்படி இல்லை. தங்கள் வாசலில், தங்கள் மழை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பரமேஸ்வரி அக்கா எடுத்துக்கொண்டார். ஒரு நாள்கூடப் படம் பிந்தியதில்லை.

நான் அடித்த பேச்சு

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

போத்தல் கட்டுவதற்கு முந்திய வாரம், அதே லயத்தில் டெங்கு பற்றி ஒரு கூட்டம் வைத்தோம். திட்டத்தில் அப்படி ஒரு வேலையும் இருந்தது. ஹன்னா ஆங்கிலத்தில் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். "வாரத்துக்கு ஒரு முறை வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கி இருக்கிறதா என்று பாருங்கள்" என்றுதான் அவள் சொன்னாள். எனக்கு அது உப்புச் சப்பில்லாமல் பட்டது. அந்த வருடம்தான் என் தங்கை டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்திருந்தாள். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. கையில் மைக் வேறு.

"வாரத்துக்கு ஒருக்கா இல்ல! தினமும் விடிஞ்சதும் வாசலுக்கு வாங்க. சிரட்டையோ, டின்னோ, போத்தலோ, எதுல தண்ணி நின்னாலும் கவிழ்த்து ஊத்துங்க. ஒரு சொட்டு நிக்கக் கூடாது. ஒங்க புள்ளைக உசுரு அதுல இருக்கு!"

பலமாகக் கை தட்டினார்கள். முன் வரிசையில் பரமேஸ்வரி அக்கா. ஹன்னா என் காதருகில், "நான் சொன்னதைவிட நீளமாக இருந்ததே" என்றாள். தமிழ் அப்படித்தான் என்று பெருமையோடு சொன்னேன்.

அடுத்த வாரம் அதே அக்காவின் வாசலில் போத்தலைக் கட்டினோம். போன வாரம் சொன்னது இதற்குப் பொருந்தாது என்று சொல்ல எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. நாங்கள் படித்தவர்கள் அல்லவா.

முதல் இரண்டு மாதமும் பிழை தெரியவில்லை. அந்த நாட்களில் மழை மத்தியானத்துக்குப் பிறகு வந்து இருட்டுவதற்குள் விட்டுவிடும். ஐந்தரைப் படத்தில் அது அப்படியே இருக்கும். கடைசி வாரத்தில்தான் மழை இரவுக்கு மாறியது. இரவு பெய்ததையெல்லாம் அக்கா விடிந்ததும் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனார்.

குளிர்ச் சட்டை

வெறும் போத்தலைப் பார்த்த அந்தக் காலைக்கு முந்திய நாள் மத்தியானம் லயத்துத் தலைவர் செல்வராஜ் எனக்குப் போன் பண்ணினார். தொழிற்சங்கத் தலைவர், பொறுப்பான மனிதர்.

"மிஸ், மண்சரிவு மெசேஜ் வந்திருக்கு. சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போகவா? ஒங்க போத்தல் என்ன சொல்லுது?"

நான் அப்போது கண்டி டவுனில் ஒரு கடையில், ஹன்னாவோடு, ஜெர்மனிக்குக் கொண்டு போகக் குளிர்ச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே. வெளியே இருந்த கையால் போனில் அதற்கு முந்திய நாள் பின்னேரப் படத்தைத் திறந்தேன். தண்ணீர் மஞ்சளுக்கும் கீழே.

"பயப்படாதீங்கண்ணே. மஞ்சளையே தொடல. வீட்லயே இருங்க."

சொல்லிவிட்டு மற்றக் கையையும் சட்டைக்குள் விட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரியாவிடை வைப்பதாக இருந்தது. மழைக்கு அதை நிறுத்திவிட்டார்கள். ஹன்னா அதற்கு அடுத்த நாள் விமானம் ஏறுகிறாள். ஊரில் காட்ட அந்தப் போத்தல் வேண்டும் என்று அடம் பிடித்தாள். அதைக் கழற்றிக்கொண்டு வரத்தான் அந்தக் காலையில் போனோம். அவள் அடம் பிடிக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பை நான் அதற்கு மேல் போக விடுவதில்லை.

சாத்தாத கதவு

"தினமுமா ஊத்துனீங்க?" என்று மறுபடியும் கேட்டேன். வேறு பதில் வராதா என்று.

"ஆமா மிஸ். நீங்கதானே சொன்னீங்க, விடிஞ்சதும் ஊத்தணும்னு. ஊத்திட்டுத் திரும்பக் கட்டிருவேன், பின்னேரம் போட்டோ எடுப்பேன். காலையில போட்டோ கேக்கலையே நீங்க."

அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. சொன்னதைச் செய்தவரின் முகம்.

மழைக்கு வேலை நிறுத்தியிருந்ததால் பன்னிரண்டு காம்பராவிலும் ஆட்கள் இருந்தார்கள். எங்கேயோ ரேடியோ பாடியது. ஒரு பிள்ளை அழுதது. மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் இரண்டு பெண்கள் வெறும் குடத்தோடு நின்றார்கள். பீலியில் தண்ணீர் கலங்கலாக, தேத்தண்ணி நிறத்தில், விட்டு விட்டு வந்தது.

"உள்ள வாங்க மிஸ், நனையாதீங்க" என்று அக்கா கதவைத் தள்ளினார். கதவு பாதியில் நின்றது. "ரெண்டு நாளா இது ஒரு தொந்தரவு. மழைக்குப் பலகை ஊதிருச்சு."

பலகை ஊதவில்லை. நிலைச் சட்டம் சரிந்திருந்தது. அதற்கு மேலே சுவரில் என் சுண்டு விரல் நுழையும் அளவு வெடிப்பு. பாடப் புத்தகத்தில் வரிசையாக எழுதியிருக்கும் மண்சரிவு அறிகுறிகள் எல்லாம் ஒரே வீட்டில் என் கண் முன்னால் நின்றன. அடுத்த காம்பராவின் கதவைப் பார்த்தேன். அதுவும் பாதிதான் சாத்தியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

வந்ததும் மேலே மலையைப் பார்க்கப் போயிருந்த கோபிதன் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். முகத்தில் இரத்தம் இல்லை.

"மேல நிலம் பிளந்துபோய்க் கிடக்கு. என்ர கை முழுக்க உள்ளுக்க போகுது. உதில நிக்காதையும், எல்லாரையும் கெதியா எழுப்பும். நான் பள்ளிக்கூடத்தத் திறக்கச் சொல்லிப்போட்டு வாறன்."

ஓடிவிட்டான். ஹன்னா என் கையைப் பிடித்தாள்.

நான் வாசலில் நின்று கத்தினேன். எல்லோரும் உடனே வெளியே வாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போகணும், மலை இறங்கப் போகுது. ஆட்கள் வந்தார்கள். வந்து தாழ்வாரத்தில் நின்று என்னைப் பார்த்தார்கள். செல்வராஜ் அண்ணன் தன் போனை நீட்டினார்.

"நேத்துப் பின்னேரப் படம் மிஸ். மஞ்சளையே தொடல. நேத்து நீங்கதான் இருங்கன்னீங்க. இப்ப போங்கன்னா எப்படி? சின்னப் புள்ளைகளையும் வயசானவங்களையும் இந்த மழையில எங்க இழுத்துட்டுப் போறது?"

என் கையில் போத்தல். அதில் ஒரு விரல் தண்ணீர். எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. என் பிழை. நான் ஊற்றச் சொன்னேன், அதனால் போத்தல் பொய். நாக்கு நுனி வரை வந்தது. பட்டியலில் இருந்த என் பெயர் ஞாபகம் வந்தது. அம்மா ஞாபகம் வந்தார். ஒரு கணம்தான், ஆனால் அந்த ஒரு கணத்தில் அக்கா என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டார்.

"அந்தப் போத்தல நம்பாதீங்க! நான் தினம் விடிஞ்சதும் ஊத்திட்டேன். ராவுப் பேஞ்ச மழை ஒண்ணும் அதுல இல்ல. நான்தான் புத்தி கெட்டுப் போய் ஊத்திட்டேன். மிஸ் சொல்றதக் கேட்டு எந்திரிங்க!"

யாரோ "அடிப்பாவி" என்றார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் எல்லோரும் நகர்ந்தார்கள்.

மண் வாசம்

அந்த நடையை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. படி வழுக்கியது. மூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரிந்தது. ஹன்னா யாருடையதோ ஒரு கைப்பிள்ளையைத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். சாமான் எடுக்கத் திரும்பியவர்களைத் தலைவர் கையைப் பிடித்து இழுத்தார். என் காதெல்லாம் பின்னால்தான் இருந்தது. ஒரு கல் உருண்டாலும் உயிர் போய் வந்தது.

பள்ளிக்கூட மண்டபத்துக்குள் போய் ஒரு மணி நேரம் இருக்கும். சத்தத்துக்கு முதல் வாசம்தான் வந்தது, புதிதாகக் கிண்டிய மண்ணின் வாசம், அறை முழுக்க. பிறகு தரை அதிர்ந்தது. ஹன்னா இடியா என்று கேட்டாள்.

மூட்டம் விலகியபோது பன்னிரண்டு காம்பராவில் ஏழு இல்லை. பரமேஸ்வரி அக்காவின் வாசல், போத்தல் கட்டிய கம்பு, பீலி, ஒன்றும் இல்லை.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதை நினைத்து நான் இன்றும் கை எடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் பயம் இறங்கியதும் கோபம் ஏறியது. ஒரு நாள் முந்தித் தெரிந்திருந்தால் அலுமாரியை எடுத்திருக்கலாம், அடையாள அட்டையை, பிள்ளையின் படிப்புச் சான்றிதழை, கல்யாணத்துக்குச் செய்து வைத்த தோட்டை எடுத்திருக்கலாம். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அக்கா மண்டபத்து மூலையில் ஒரு சின்னக் கதிரையில், பிள்ளைகளின் கதிரையில், ஈரச் சேலையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹன்னா என்னிடம் கேட்டாள். "அவரிடம் என்ன சொல்கிறார்கள்?"

நான்தானே மொழிபெயர்ப்பாளர். "வீடு போனதைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்றேன்.

அடுத்த வாரம் அறிக்கை எழுதினேன். அளவு ஏன் பிழையாகப் போனது என்று ஒரு பகுதி இருந்தது. "பராமரிப்பாளர் அறிவுறுத்தலைத் தவறாக விளங்கிக்கொண்டார்" என்று ஒரு வரி. ஒருவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. அந்தக் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். அங்கே மழை பெய்த முதல் இரவு, ஐந்தாம் மாடியில், எழும்பிப் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன்.

புது வீடு

போன மாதம் அவரைத் தேடிப் போனேன். மூன்று வருடத்துக்குப் பிறகு. அவர்களுக்கு வேறு இடத்தில் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வீடு என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "எந்தப் பரமேஸ்வரி? போத்தல் பரமேஸ்வரியா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. மலை விழுந்த அன்றைக்குப் பட்ட பயத்தில் பாதியாவது அவர் வீட்டுப் படியில் பட்டேன்.

அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் இந்த அத்தியாயத்தை, நீங்கள் இதுவரை வாசித்ததை, அவருக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியாததா? நீங்க சொல்லித்தானே ஊத்துனேன்."

"அப்ப அன்னைக்கு ஏன்க்கா என் பேரச் சொல்லல?"

"சொன்னா? 'இந்தப் பொண்ணு சொன்னது முன்னயும் பொய், இப்பவும் பொய்'னு அப்படியே நின்னிருப்பாங்க. எழும்பச் சொன்னதும் நீங்கதானே. என்னத் திட்டிக்கிட்டாச்சும் நடந்தாங்க."

அவர் வெற்றிலையை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"ஆனா ஸ்கூலுக்குப் போன பொறவு சொல்லியிருக்கலாம் புள்ள. அங்க மண்ணு விழலையே."

அதுவரை என்னை மிஸ் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

இதைப் பத்திரிகையில் போடட்டுமா என்று கேட்டேன். "போடுங்க. இங்க எல்லாரும் வாசிப்பாங்க. என் பேர முழுசாப் போடுங்க" என்றார்.

ஆகவே மேல் டிவிஷன் ஆட்களுக்கு. அவர் பெயர் முத்தையா பரமேஸ்வரி. அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னது நான்.